கிஃப்ட் கார்டைக் கொடுத்து கிரிப்டோ வாங்கியவர்கள்: உங்களுக்கு என்ன நடந்தது?

வைகைக்கரை, மதுரை

வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். செயலிகளில் வரும் ஆங்கில வாசகங்களைத் தமிழாக்கித் தரும் வேலை. அமெரிக்காவில் ஒரு சின்ன நிறுவனம் எனக்குக் கூலியை அமேசான் கிஃப்ட் கார்டாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. மாதம் ஐம்பது டாலர் கார்டு மூன்று, வேலை கூடினால் நான்கு. வங்கிக்கு அனுப்புங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். இவ்வளவு சின்னத் தொகைக்கு அந்த ஏற்பாடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கார்டு அமெரிக்கத் தளத்தில் மட்டும்தான் செல்லும். கார்டோடு வரும் ரகசிய எண்ணை, அதாவது கோடை, நம் ஊர் அமேசான் கணக்கில் போட்டால் ஏறாது. எட்டு மாத உழைப்பு மின்னஞ்சலில் எழுத்தும் எண்ணுமாகக் கிடந்தது. பால்காரருக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் கொடுக்க வழியில்லை.

தெரிந்த பையன் ஒருவன்தான் கார்டைக் கொடுத்து கிரிப்டோ வாங்கும் இணையச் சந்தை ஒன்றைக் காட்டினான். பிட்காயினோ, டாலர் மதிப்பை ஒட்டியே இருக்கும் யு.எஸ்.டி.டி. என்ற காயினோ வைத்திருப்பவர் "இந்தக் கார்டு கொடு, ஒரு டாலருக்கு இத்தனை செண்ட் மதிப்புக்குக் காயின் தருகிறேன்" என்று போட்டிருப்பார். அன்றைக்கு நான் பார்த்த விலை 76 செண்டிலிருந்து 82 செண்ட் வரை. ட்ரேடைத் திறந்ததும் அவருடைய காயின் எஸ்க்ரோவில், அதாவது சந்தையின் பொறுப்பில், பூட்டப்படும். நாம் கோடை அரட்டைப் பெட்டியில் அனுப்பி, "கொடுத்துவிட்டேன்" என்ற பட்டனை அழுத்த வேண்டும். அவர் கோடைத் தன் கணக்கில் ஏற்றிப் பார்த்துவிட்டுக் காயினை விடுவிப்பார். அந்தப் பட்டனை அரை மணி நேரத்துக்குள் அழுத்தாவிட்டால் ட்ரேட் தானாகவே ரத்தாகி, காயின் அவரிடமே திரும்பிப் போய்விடும். புதிதாக வருபவர்கள் பலர் இழப்பது இந்த இடத்தில்தான். கோடை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள், பட்டனை மறந்துவிடுவார்கள்.

முதல் மூன்று ட்ரேடும் பத்து நிமிடத்தில் முடிந்தன. நான்காவது ஆள் ஆயிரத்துக்கு மேல் நல்ல மதிப்பீடு வாங்கியவர். கோடை அனுப்பினேன், பட்டனையும் அழுத்தினேன். மூன்று நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு படம் வந்தது: "இந்தக் கோடு வேறு கணக்கில் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது." கூடவே கெஞ்சல். "தவறு உன்னுடையது இல்லை, உனக்கு அனுப்பியவர் ஏமாற்றியிருப்பார், நீ ட்ரேடை கேன்சல் செய், அடுத்த கார்டுக்கு ஐந்து டாலர் கூட்டித் தருகிறேன்."

எனக்குக் கை நடுங்கியது. பாவம், அவர் சொல்வது உண்மையாக இருக்குமோ என்றுகூடத் தோன்றியது. கேன்சல் பட்டன் வரை போய்விட்டேன். அதை அழுத்தியிருந்தால் காயின் அவரிடம், கோடும் அவரிடம். நல்லவேளையாக அந்தப் பையன் சொன்னது ஞாபகம் வந்தது: "அக்கா, எதிராளி என்ன சொன்னாலும் கேன்சல் மட்டும் பண்ணாதீங்க, டிஸ்பியூட் போடுங்க."

சந்தை நடத்துபவர்களிடம் டிஸ்பியூட், அதாவது முறையீடு, போட்டேன். அவர்கள் தரப்பு நடுவரான மாடரேட்டர் இரண்டு கேட்டார். கார்டு வந்த மூல மின்னஞ்சல் ஒன்று. கோடை முதல்முறை திறந்ததிலிருந்து அனுப்பியது வரை எடுத்த ஸ்கிரீன் ரெக்கார்டிங் இன்னொன்று. ரெக்கார்டிங் என்னிடம் இருந்தது. நிறுவனத்தாரும் அவர்கள் ஊர் இரவில் எழுந்து, கார்டு வாங்கிய ரசீதோடு, அது எத்தனை மணிக்குக் கணக்கில் ஏற்றப்பட்டது என்பதையும் விசாரித்து அனுப்பினார்கள். நான் கோடை அனுப்பிய நாற்பதாவது விநாடியில் அது ஏறியிருந்தது. இரண்டு நாள் கழித்துக் காயின் எனக்கு வந்தது.

இதோடு முடிந்திருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். வந்த யு.எஸ்.டி.டி.யை 2023 ஜூலையில் வேறொருவருக்கு விற்றேன். அவர் ஐ.எம்.பி.எஸ். வழியாக 11,400 ரூபாய் போட்டார். பெயர் சரியாக இருந்தது, உடனே காயினை விடுவித்தேன். இருபது நாள் கழித்து ஏடிஎம்மில் பணம் வரவில்லை. வங்கிக்குப் போனால், ராஜஸ்தானில் ஒரு சைபர் கிரைம் காவல் நிலையத்திலிருந்து கடிதம் வந்து கணக்கு முழுவதும் முடக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். "இன்றிரவு மின் இணைப்பைத் துண்டிப்போம்" என்று குறுஞ்செய்தி அனுப்பி ஒரு பெரியவரின் கணக்கைத் துடைத்திருக்கிறார்கள். அந்தப் பணம் மூன்று கணக்கு மாறி, நான்காவதாக என்னிடம் வந்திருக்கிறது.

அந்தக் கணக்கிலிருந்துதான் எங்கள் வீட்டுக் கடன் தவணை போகும். இரண்டு தவணை திரும்பிவிட்டது. ட்ரேட் பதிவு, அரட்டை, என் வேலை ஒப்பந்தம் எல்லாவற்றையும் அந்த நிலையத்துக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். நான்கு மாதத்தில் கணக்கு திறந்தது. அந்த 11,400 ரூபாய்க்கு மட்டும் இன்னும் லீன் இருக்கிறது, அதாவது அதை எடுக்க முடியாதபடி வங்கி நிறுத்தி வைத்திருக்கிறது.

இதே போல் நடந்தவர்கள் எழுதுங்கள். என்ன செய்து வெளியே வந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

---

நொய்யல்காரன், திருப்பூர்

அக்கா, நான் எதிர்ப்பக்கம் இருந்தவன். காயின் கொடுத்துக் கார்டு வாங்கினேன். பின்லாந்தின் லோக்கல்பிட்காயின்ஸ் இருந்தபோது பழகிய தொழில் இது. 2012ல் தொடங்கிய அந்தச் சந்தை 2023 பிப்ரவரியில் மூடப்பட்டது. அதன் பின் வேறொரு சந்தைக்குப் போனேன். அங்கே நடந்ததைத்தான் சொல்கிறேன்.

கார்டு வாங்குபவன் எல்லாம் திருடன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்களுக்கும் அடி விழும். ஒருமுறை நூறு டாலர் கார்டு ஆறு வாங்கினேன். எல்லாம் ஏறின, பேலன்ஸ் காட்டியது, காயினை விடுவித்தேன். ஒன்பது நாள் கழித்து அந்தப் பேலன்ஸ் முழுவதும் மறைந்தது, கணக்கும் பூட்டப்பட்டது. திருடிய கிரெடிட் கார்டில் வாங்கிய கிஃப்ட் கார்டுகள் அவை. கிரெடிட் கார்டுக்கு உரியவர் புகார் கொடுத்ததும் வழங்கியவர்கள் தொகையைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். காயின் போனது போனதுதான், அதைத் திரும்ப இழுக்க யாராலும் முடியாது.

ரசீது கேட்கும் பழக்கம் எனக்கு அப்புறம்தான் வந்தது. கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கிய ரசீதா, அட்டை தேய்த்து வாங்கியதா என்று பார்ப்பேன். ரசீது இருக்கும் கார்டுக்குக் கூடுதல் விலை, இல்லாததற்கு 60 செண்டுக்கும் கீழே. அந்த மலிவு விலைதான் என்னை நீண்ட நாள் மயக்கி வைத்திருந்தது. ஏன் ஒருவர் நூறு டாலரை அறுபதுக்குக் கொடுக்கிறார் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நைஜீரியாவிலிருந்து கார்டு விற்பவர்கள் ஏராளம், அவர்களை எல்லாரும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். என்னிடம் ஒன்றரை வருடம் வியாபாரம் செய்த லாகோஸ் பையன் ஒருவன் உங்களைப் போலவேதான், அக்கா. லோகோ வரைந்து கொடுப்பான், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கார்டாகக் கூலி தருவார்கள். 2021 பிப்ரவரியில் அந்த நாட்டு மத்திய வங்கி, கிரிப்டோ வியாபாரம் செய்பவர்களின் கணக்குகளை மூடும்படி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2023 டிசம்பரில்தான் அதைத் தளர்த்தினார்கள். இடைப்பட்ட காலத்தில் அவன் பட்ட பாட்டை அரட்டையில் சொல்லுவான். ஒரு கார்டில்கூட அவன் என்னை ஏமாற்றியதில்லை.

---

பனங்கூடல், ஸ்கார்பரோ

நான் கார்ட் விற்றதும் இல்லை, வாங்கியதும் இல்லை. ஆனால் இதை வாசித்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

2019ல் இங்கே ஒரு மருந்துக்கடையில் காசாளராக வேலை செய்தேன். ஒருநாள் எழுபது வயது மதிக்கத்தக்க எங்கட ஆட்களில் ஒரு அம்மா வந்தா. ஐநூறு டொலர்ப்படி ஐடியூன்ஸ் கார்ட் நாலு எடுத்து மேசையில் வைத்தா. காதில் ஃபோன். கை நடுங்குது. நான் தமிழில் மெதுவாகக் கேட்டேன், "அம்மா, ஆருக்கு இவ்வளவு கார்ட்?"

"பேசாதை பிள்ளை, லைனிலை நிக்கினம். வரிக் காசு கட்டேல்லையாம், இண்டைக்குக் கட்டாட்டில் பொலிஸ் வருமாம்."

ஃபோனை வாங்கி வைத்துவிட்டேன். கனடா வருமான வரி முகமை ஒருநாளும் கிஃப்ட் கார்டில் காசு கேட்காது என்று சொல்லிச் சொல்லி அவவை இருத்தினேன். தண்ணி குடிச்ச பிறகுதான் சொன்னா, காலையில் வேறு கடையில் ஏற்கெனவே இரண்டு கார்ட் வாங்கி, பின்பக்கத்தைச் சுரண்டி, நம்பரை ஃபோனிலேயே வாசித்துக் கொடுத்திட்டாவாம். ஆயிரம் டொலர். மகனுக்குச் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடிச்சு அழுதா.

அமெரிக்காவிலும் இதேதான். 2016 அக்டோபரில் மும்பைக்குப் பக்கத்தில் மீரா ரோட்டில் கோல் சென்டர்களைப் பொலிஸ் சோதனை போட்ட செய்தி பலருக்கு ஞாபகம் இருக்கும். அமெரிக்க வரித்துறை அதிகாரி என்று சொல்லிப் பயமுறுத்தி, ஐடியூன்ஸ் கார்ட் வாங்க வைத்து நம்பரைக் கேட்டிருக்கினம்.

ரசீது பார்க்கிறேன் என்று திருப்பூர்த் தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, அந்த அம்மாவிடமும் ரசீது இருந்தது. காசு கொடுத்து வாங்கிய, நூறு வீதம் சரியான ரசீது. அதையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லித்தான் கேட்டவங்கள். அவ வாசித்துக் கொடுத்த நம்பர் அன்று மத்தியானமே உங்கட சந்தை போன்ற ஒன்றில் விலைக்கு வந்திருக்கலாம். இதை உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அந்தக் கையின் நடுக்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

---

உறையூர் வழக்கறிஞர், திருச்சி

மதுரை சகோதரிக்குச் சட்டம் பற்றி இரண்டு மூன்று சொல்கிறேன்.

கணக்கு முழுவதையும் முடக்குவது சரியல்ல, சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைக்கலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023லும் சென்னை உயர் நீதிமன்றம் 2024லும் சொல்லியிருக்கின்றன. இதே சிக்கலில் இருப்பவர்கள் வங்கியிடம் முதலில் புகாரின் ஒப்புகை எண்ணையும், எந்தப் பரிவர்த்தனை, எவ்வளவு தொகை என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அது கையில் இல்லாமல் காவல் நிலையத்துக்கு எழுதினால் பதில் வராது. உங்கள் பணம் மோசடியில் போயிருந்தால் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். ஒரு மணி நேரத் தாமதத்தில் பணம் நான்கு கணக்கு தாண்டிவிடும்.

அடுத்தது வரி. கிஃப்ட் கார்டை "மெய்நிகர் டிஜிட்டல் சொத்து" என்ற வரையறையிலிருந்து 2022 ஜூன் 30 அன்று வந்த அறிவிப்பு விலக்கிவிட்டது. ஆனால் கார்டைக் கொடுத்து வாங்கும் காயின் அந்த வரையறைக்குள் வரும். அதை விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி. விற்கும்போதே விற்ற தொகையில் 1 சதவீதம் முன்வரியாகப் பிடித்தம். ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. கூலியாக வந்த கார்டின் மதிப்பும் உங்கள் வருமானம்தான், அதையும் கணக்கில் காட்டுங்கள். நாளைக்குக் காவல் துறை கேட்டால், நீங்கள் வியாபாரத்தை மறைக்கவில்லை என்பதற்கு அந்த வரிக் கணக்கே சாட்சி.

இன்னொன்று, கார்டு வழங்கும் நிறுவனங்கள் பலவற்றின் விதிமுறையில் மறுவிற்பனை கூடாது என்றே இருக்கும். பூட்டிய பேலன்ஸைக் கேட்டுப் போனால் அங்கே வழக்கு நிற்காது.

ஸ்கார்பரோ சகோதரி எழுதியதற்கு ஒன்று சேர்க்கிறேன். இந்த வகைச் சந்தைகளில் பெரிதாக இருந்தது 2015ல் தொடங்கிய பாக்ஸ்ஃபுல். அதன் இணை நிறுவனர்களில் ஒருவர் 2024 ஜூலையில் அமெரிக்க நீதிமன்றத்தில், கருப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் ஏற்பாட்டை முறையாக வைத்திருக்கத் தவறியதை ஒப்புக்கொண்டார். யார், எங்கிருந்து கொண்டுவருகிறார் என்று பார்க்கும் பொறுப்பு சந்தை நடத்துபவருக்கும் உண்டு.

---

நொய்யல்காரன், திருப்பூர்

ஸ்கார்பரோ அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்த அறுபது செண்ட் கார்டுகள் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வருகின்றன. நான் அந்த வியாபாரத்தை விட்டுப் பதினொரு மாதம் ஆகிறது. பணம் போனதால்தான் விட்டேன், இதையெல்லாம் யோசித்து விடவில்லை. அதை உங்களிடம் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

---

வைகைக்கரை, மதுரை

எல்லாருக்கும் நன்றி. வழக்கறிஞர் ஐயா சொன்ன ஒப்புகை எண்ணை வங்கியில் வாங்கிவிட்டேன்.

கூலி விஷயத்தில் ஒரு மாற்றம். மூன்று மாதக் கூலியைச் சேர்த்து ஒரே தடவையாக வங்கிக்கு அனுப்ப அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டுவிட்டது. கட்டணம் பிடித்தம் போகக் கையில் வருவது, கார்டை விற்றபோது வந்ததைவிட அதிகம்தான்.

ஸ்கார்பரோ அக்கா எழுதியதைப் படித்த அன்று இரவு, ராஜஸ்தான் காவல் நிலையத்துக்கு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பினேன். இதுவரை அனுப்பியதெல்லாம் என் 11,400 ரூபாயை விடுவியுங்கள் என்றுதான். இந்த முறை, அது அந்தப் பெரியவருக்கே போக எனக்குச் சம்மதம், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன். என் உழைப்பின் பணம்தான், விட மனம் வரவில்லை என்பதும் உண்மை. நேற்று பதில் வந்தது. சம்மதக் கடிதத்தை நோட்டரி கையெழுத்தோடு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள், மேற்கொண்டு நீதிமன்றத்தில் மனு போட வேண்டுமாம். திங்கட்கிழமை தபாலில் சேர்க்கிறேன்.