மோஹரில் ‘முழுசாக இரண்டு மணி நேரம்’ – யாருக்குக் கிடைத்தது?

நெய்தல்நிலவன்:
டப்ளினிலிருந்து கோச்சில், அதாவது சுற்றுலா பஸ்ஸில், போய் வரும் ஒரு நாள் பயணங்கள் பற்றிய இழையில், அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் செங்குத்தாக நிற்கும் மோஹர் பாறை பற்றித் தயிர்சாதம் ஐயா எழுதியதை அப்படியே தருகிறேன். ‘கோச்சில் போனால் மோஹர் பாறையில் முழுசாக இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. அதற்கு மேல் அங்கே நின்று என்ன செய்ய?’ நேற்று ராத்திரி இதைப் படித்துவிட்டுத் தூக்கம் போச்சு. நான் ஒன்பது வருடமாக இங்கே கிளேர் மாவட்டத்து எனிஸில் இருக்கிறேன். வீட்டிலிருந்து பாறைக்கு முக்கால் மணி நேரம். வருகிற விருந்தாளிகளை எல்லாம் கூட்டிப்போய்க் கூட்டிப்போய் அங்கே இருக்கும் மாடுகளுக்கே என்னைத் தெரியும். டப்ளின் கோச் எதுவும் முழுசாக இரண்டு மணி நேரம் நின்று நான் பார்த்ததில்லை. ஒன்றரை. அதிலும் பாதி பேர் 270 கிலோமீட்டர் அடக்கிக்கொண்டு வந்தவர்கள், இறங்கியதும் நேராகக் கழிப்பறை வரிசைக்குத்தான் போகிறார்கள். அந்த வரிசையிலிருந்து கடல் தெரியாது.

‘நின்று என்ன செய்ய’ என்ற கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த இரண்டு மணி நேரம் எங்கே?

தயிர்சாதம்:
தம்பி, உங்கள் தூக்கத்தைக் கெடுத்ததற்கு வருத்தம். 38 வருடம் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான், கழித்தல் தெரியும். காலை 7.45க்கு டப்ளினில் ஏறினோம். 11.45க்கு ஓட்டுநர் மைக்கில், ‘வந்துவிட்டோம், 1.45க்கு வண்டி கிளம்பும்’ என்றார். 1.45இல் 11.45 போனால் எவ்வளவு? எங்கள் பள்ளியில் இரண்டு. எனிஸில் எப்படியோ.

கடைசிசீட்:
ஐயா 👏 எனிஸில் எல்லாவற்றுக்கும் பத்து நிமிடம் கழிப்பார்கள்.

நெய்தல்நிலவன்:
கடைசிசீட் வந்தாச்சா, சந்தோஷம். ஐயா, ‘1.45க்கு வண்டி கிளம்பும்’ என்றவர் ‘1.35க்கு சீட்டில் இருங்கள்’ என்றும் சொல்லியிருப்பாரே. எல்லா ஓட்டுநரும் சொல்வார்கள். அப்போது அந்தப் பத்து நிமிடம் யாருடையது? பாறையுடையதா, பஸ்ஸுடையதா?

மழைக்கோட்டு:
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஊரிலிருந்து அம்மா வருகிறார்கள். முட்டிவலி உண்டு. டப்ளினிலிருந்து கோச்சில் ஒரே நாளில் போய் வந்தால் தாங்குமா? கால்வேயில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு 350ஆம் எண் பஸ்ஸில் போவது நல்லதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையகணக்கு:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ‘பாறையில் நேரம்’ என்றால் என்ன என்று முதலில் முடிவு பண்ணிக்கொண்டால் இந்தச் சண்டையே வராது. பஸ் கதவு திறந்ததிலிருந்து மூடும் வரையா? கடல் கண்ணில் பட்டதிலிருந்து முதுகைத் திருப்பும் வரையா? இரண்டும் வேறு வேறு கணக்கு.

கடைசிசீட்:
கண்ணை மூடிக்கொண்டு நின்றால் அந்த நேரத்தைக் கழிக்கணுமா சார்?

நெய்தல்நிலவன்:
பழையகணக்கு, அதெல்லாம் அப்புறம். ஐயா இன்னும் பதில் சொல்லவில்லை. 1.35க்கு சீட்டில் இருந்தாரா இல்லையா?

தயிர்சாதம்:
இருந்தேன். நேரம் தவறாதவன் என்பது என் குற்றமா? என்னை மாதிரி எல்லோரும் இல்லை. ஒரு ஜோடி 1.52க்கு ஐஸ்கிரீமோடு வந்தது. ஆக வண்டி நின்றது இரண்டு மணி ஏழு நிமிடம். கழித்துக்கொள்ளுங்கள்.

மழைக்கோட்டு, உங்கள் அம்மா தாராளமாகப் போகலாம் அம்மா. என் வீட்டம்மாவுக்கு 66 வயது. பஸ்ஸில் ஏறினதும் தூங்கினாள், பாறையில் எழுந்தாள், மறுபடி தூங்கினாள்.

நெய்தல்நிலவன்:
ஐஸ்கிரீம் ஜோடிக்குக் கிடைத்த நேரத்தை ஐயா தன் கணக்கில் சேர்க்கிறார். இதுதான் 38 வருடக் கணக்கு!

சரி, ‘நின்று என்ன செய்ய’வுக்கு வருகிறேன். கோச்சில் வந்தவர்கள் என்ன பார்க்கிறார்கள் தெரியுமா? வலது பக்கம் படி ஏறி ஓப்ரையன் கோபுரம். 1835இல் கார்னீலியஸ் ஓப்ரையன் கட்டியது, அன்றைக்கே சுற்றுலாக்காரர்களுக்காகத்தான் கட்டினார். அங்கே ஒரு செல்ஃபி. அப்புறம் மலைச்சரிவுக்குள் பதித்துக் கட்டின பார்வையாளர் மையத்தில் காந்தம் ஒட்டின ஆட்டுக்குட்டி பொம்மை. அவ்வளவுதான். இடது பக்கம் திரும்புகிறவர்கள் எத்தனை பேர்? அங்கே நின்றால் கோபுரத்தடிப் பாறை முழுசாகக் கண்ணுக்கு வரும். பக்கத்திலேயே 67 மீட்டருக்குத் தனியாக நிற்கும் பிரனான் மோர் தூணும் தெரியும். ஓரத்தில் நட்டிருக்கும் லிஸ்கேனர் பலகைக்கல்லை யாராவது குனிந்து பார்த்திருக்கிறீர்களா? 32 கோடி வருடத்துக்கு முன்னால் ஆற்று முகத்துவாரச் சேற்றில் ஏதோ ஒரு பிராணி ஊர்ந்த தடம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. அதன் மேல் சாய்ந்துகொண்டுதான் சாண்ட்விச் தின்கிறீர்கள்.

இன்னொன்று. பாறை மேற்கே பார்த்து நிற்கிறது. கோச்சுகள் வந்து இறங்கும் நேரத்தில் அதன் முகத்தில் வெயில் விழுவதில்லை, கறுப்பாகத்தான் தெரியும். ஜூனில் இருட்ட ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆகிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து நில்லுங்கள், அடுக்கடுக்காகச் செம்பு நிறம் ஏறும். அந்நேரம் ஐயா கில்டேர் பக்கம் நெடுஞ்சாலையில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

மேயோமாமா:
214 மீட்டர் பாறைக்கு இவ்வளவு அமர்க்களமா? எங்கள் மேயோ பக்கம் அக்கில் தீவில் குரோஹான் 688 மீட்டர். டோனிகாலில் ஸ்லீவ் லீக் 601. மோஹரை அது கிட்டத்தட்ட மூன்று தடவை விழுங்கும், நீங்கள் கழிப்பறை வரிசையை அளந்துகொண்டிருக்கிறீர்கள். தெற்கே ஹேக்ஸ் ஹெட் பக்கம் போனால் மோஹரே 120 மீட்டராகிவிடும்.

கடைசிசீட்:
மாமா, ஸ்லீவ் லீக் மலைச்சரிவு. அங்கே கல்லைப் போட்டால் உருளும். மோஹரில் போட்டால் விழும். வித்தியாசம் அவ்வளவுதான்.

மேயோமாமா:
உருண்டாலும் கடலுக்குள்தானே போகிறது? 601 601தான்.

நெய்தல்நிலவன்:
யாரும் எங்கேயும் கல்லைப் போட வேண்டாம், கீழே பறவைகள் கூடு கட்டியிருக்கின்றன. மாமா, உயரத்துக்குத் தனி இழை திறங்கள். இங்கே பேச்சு இரண்டு மணி நேரத்தைப் பற்றி.

கடைசிசீட்:
நெய்தல் சாருக்கு வசதியாக இல்லாத பேச்சுக்கெல்லாம் தனி இழை. போன வருடம் கில்லார்னி இழையில் ‘ஒரு குடை போதும்’ என்று எனக்குச் சொன்னவர் யார்? அதை நம்பித்தான் மோஹருக்கும் அதே குடையோடு போனேன். அட்லாண்டிக் காற்றில் ஒரே நொடியில் பூவாக விரிந்து கம்பி மட்டும் மிஞ்சியது. ஒன்பது வருடம் கிளேரில் இருக்கிறவர் சொல்கிற யோசனையா அது?

நெய்தல்நிலவன்:
கில்லார்னிக்குச் சொன்னதை மோஹருக்குப் பிடித்துக்கொண்டு போனால் நான் என்ன செய்ய? மோஹரில் மழையே பக்கவாட்டில்தான் வரும். சில நாள் கீழேயிருந்து மேலேயும் வரும். அங்கே குடை பிடித்து நிற்கிறவனைப் பார்த்தாலே தெரியும், கோச்சில் வந்தவன்.

கடைசிசீட்:
ஆமாம், கோச்சில் வந்தவன்தான்! அதில் என்ன கேவலம்? எல்லோரிடமும் கார் இருக்கிறதா? இந்தியா லைசென்ஸை வைத்துக்கொண்டு ஒரு வருடம்தான் ஓட்டலாம், அப்புறம் பாடம், டெஸ்ட் என்று முதலிலிருந்து. மோஹருக்குப் பக்கத்துப் பர்ரன் பாறைவெளியில் ஒரு வண்டி அகலத்துக்குத்தான் சாலை, இரண்டு பக்கமும் கல் சுவர், எதிரே டிராக்டர். கோச் ஓட்டுகிறவர் அதே சாலையில் ஐம்பது பேரை வைத்துக்கொண்டு, ஒரு கையால் மைக்கைச் சரிசெய்துகொண்டு, பஞ்சக் கதையும் சொல்லிக்கொண்டு ஓட்டுகிறார். அந்த மனிதனைக் கையெடுத்துக் கும்பிடணும்.

மேலும், அவர் நினைத்த நேரம் நிற்க முடியாது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுக்கணும், சட்டம். சாதாரணமாக ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. நெடுஞ்சாலையிலேயே கோச்சுக்கு 100 கிலோமீட்டர்தான் வேகம். உங்களுக்காக ராத்திரி பத்து மணி வரை சூரிய அஸ்தமனம் காட்டிக்கொண்டிருப்பாரா?

நெய்தல்நிலவன்:
அந்தச் சட்டம் வண்டி ஓட்டும் நேரத்துக்கு. பாறையில் நிறுத்திவைக்கும் நேரத்துக்கு இல்லை. நிறுத்தினால் ஓய்வுதானே சேரும்! நேரம் எங்கே போகிறது என்று நான் சொல்கிறேன். வழியில் மணிகால் என்ற ஊரில், ஒபாமா பிளாசா என்கிற பெட்ரோல் பங்கில் ஒரு நிறுத்தம் உண்டா இல்லையா ஐயா?

தயிர்சாதம்:
உண்டு. இருபது நிமிடம். ஒபாமாவுடைய அம்மா வழி முப்பாட்டனுக்குப் பாட்டன் முறையில் ஒருவர் அந்த ஊரிலிருந்து 1850இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினாராம். செருப்புத் தைக்கும் குடும்பம். 2011இல் ஒபாமாவே வந்து அந்த ஊரில் பீர் குடித்துவிட்டுப் போனார். சரித்திரம் தெரிந்துகொள்வது நேர விரயமா?

நெய்தல்நிலவன்:
பெட்ரோல் பங்கில் காப்பி வாங்குவது சரித்திரமா? அதற்குப் பதில் போல்னாபுரோனில் இருபது நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். எகிப்துப் பிரமிடுகளுக்கு முந்தைய கற்பதுக்கை, 33 பேருடைய எலும்பு அதற்குள் கிடைத்தது. காப்பிதான் கிடைக்காது.

மேயோமாமா:
33 பேரும் கோச்சில் வந்தார்களா, காரில் வந்தார்களா?

மூடுபனி:
ஒரு சந்தேகம். எனக்கு உண்மையிலேயே முழு இரண்டு மணி நேரம் கிடைத்தது, அக்டோபரில். பாறைதான் கிடைக்கவில்லை. கையை நீட்டினால் விரல் தெரியாத அளவுக்குப் பனி. கடல் சத்தம் மட்டும் கேட்டது. இது யார் கணக்கில் வரும்?

கடைசிசீட்:
நெய்தல் சார் கணக்கில் நீங்கள் இன்னும் மோஹருக்கே போகவில்லை.

தயிர்சாதம்:
இந்த விவகாரத்தை இன்றோடு முடித்துவிடுகிறேன். என் போனில் படங்கள் இருக்கின்றன, நேரத்தோடு. போன் ஊர் நேரத்திலேயே, அதாவது இந்திய நேரத்திலேயே இருந்தது. முதல் படம் 16.25. கடைசிப் படம் 18.07. பேரனிடம் காட்டிச் சரிபார்த்தாயிற்று.

நெய்தல்நிலவன்:
ஒரு மணி 42 நிமிடம்! ஐயாவே ஒப்புக்கொண்டார். முழுசாக இரண்டு எங்கே போச்சு?

தயிர்சாதம்:
எதை ஒப்புக்கொண்டேன்? இறங்கினவுடனேயே படம் எடுக்க நான் என்ன கல்யாண வீட்டு போட்டோகிராபரா?

நெய்தல்நிலவன்:
முதல் படத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

தயிர்சாதம்:
எங்கள் பஸ். பின்பக்கம், நம்பரோடு. அங்கே ஒரே மாதிரிப் பதினைந்து பஸ் நிற்கிறது, மாறி ஏறிவிட்டால் யார் தேடுவது?

நெய்தல்நிலவன்:
கடைசிப் படம்?

தயிர்சாதம்:
வீட்டம்மா சீட்டில் தூங்குவது.

நெய்தல்நிலவன்:
அப்படியானால் இரண்டுமே பாறை இல்லை. கடல் தெரியும் முதல் படமும் கடைசிப் படமும் எத்தனை மணிக்கு?

தயிர்சாதம்:
16.34. 17.51. நடுவில் பஃபின் பறவை கூட இருக்கிறது.

நெய்தல்நிலவன்:
ஒரு மணி 17 நிமிடம். நான் ஒன்றரை என்று தாராளமாகச் சொல்லியிருக்கிறேன். அப்புறம், அது பஃபினாக இருக்காது ஐயா. பஃபின்கள் கீழே கோட் ஐலண்ட் புல்தரையில் இருக்கும், பைனாகுலர் இல்லாமல் எறும்பு மாதிரிதான் தெரியும். நீங்கள் எடுத்தது உங்கள் சாண்ட்விச்சைப் பார்த்து வந்த கடற்காகம்.

தயிர்சாதம்:
சாண்ட்விச் இல்லை. தயிர்சாதம்.

கடைசிசீட்:
எல்லாம் இருக்கட்டும். ஐயா போனில் ஊர் நேரம் என்றால் ஐந்தரை மணி கழிக்கணும். முதல் படம் 10.55 ஆகிறது. அப்போது ஐயாவுக்கு நேரம் அதிகமாகவே கிடைத்திருக்கிறது!

நெய்தல்நிலவன்:
கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், அதனால் நாலரை. 7.45க்குக் கிளம்பி, ஒபாமாவைப் பார்த்துவிட்டு, 10.55க்கு மோஹரா? அது கோச்சா ராக்கெட்டா?

கடைசிசீட்:
நம் இந்திய நேரமான ஐ.எஸ்.டி.க்கும் கிரீன்விச் நேரமான ஜி.எம்.டி.க்கும் ஐந்தரை என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

நெய்தல்நிலவன்:
இங்கே கோடை நேரத்துக்குப் பெயரே ஐ.எஸ்.டி.தான். ஐரிஷ் ஸ்டாண்டர்ட் டைம். எந்த ஐ.எஸ்.டி. என்று சொல்லுங்கள்.

பழையகணக்கு:
எத்தனை கழித்தாலும் இரண்டு படத்துக்கும் நடுவில் உள்ள நேரம் மாறாது. இதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கடைசிசீட்:
சார், ஐந்தரையா நாலரையா என்பதுதான் இப்போது கேள்வி.

மேயோமாமா:
601.

மழைக்கோட்டு:
மேலே படித்ததில் அம்மாவுக்கு எந்தப் பக்கம் படி குறைவு என்று புரியவில்லை. இடது பக்கமா, வலது பக்கமா?

தயிர்சாதம்:
எந்தப் பக்கமானாலும் மெதுவாகப் போங்கள் அம்மா, இரண்டு மணி நேரம் இருக்கிறது. ஆகஸ்டில் சம்பந்தி வருகிறார். அவரையும் கூட்டிக்கொண்டு அதே கோச்சில் மறுபடி போகிறோம். இந்தத் தடவை பஸ் படியிலேயே ஸ்டாப்வாட்ச்சை அழுத்துகிறேன்.

நெய்தல்நிலவன்:
படியில் அழுத்தக்கூடாது. கடல் தெரிகிற இடத்தில் அழுத்தணும். எந்தத் தேதி என்று சொல்லுங்கள், நானே வந்து நிற்கிறேன்.