ஃப்ளட் பல்ஸ்: "வெள்ளத் துடிப்பு" வேண்டாம், "பருவப்பெருக்கு" என்று வைப்போம்

ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஆறு பருவந்தோறும் கரை மேவிச் சமவெளியில் பரவிப் பின் வற்றுவதை ஆங்கிலத்தில் ஃப்ளட் பல்ஸ் (flood pulse) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக நம் உரையாடலில் ஐயா முன்வைத்த "வெள்ளத் துடிப்பு" பற்றி இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலச் சொல்லின் இரண்டு பாதியும் அதில் அப்படியே வந்துவிடுகின்றன, உண்மைதான். இலங்கையின் மகாவலி ஆற்றோரத்து வில்லுகள் என்ற நீர்நிலைகள் பற்றி நாங்கள் தயாரிக்கும் சிற்றேட்டின் வரைவில் அதைப் போட்டு, மூதூர்ப் பக்கம் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் என் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வெள்ளம் வந்தா நெஞ்சு துடிக்கும்தான், அதையா சொல்லுறாய்?" என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்ததோ, அந்தத் தண்ணீர் வராவிட்டால்தான் வில்லு செத்துப்போகும் என்பது. சொல்லே வாசகரை எதிர்த்திசைக்குக் கொண்டுபோய்விட்டது.

தமிழ்நாட்டு நண்பர்களுக்காக ஒரு விளக்கம். வில்லு என்பது இலங்கையின் உலர்வலயத்தில் இயற்கையாக அமைந்த ஆழமற்ற நீர்நிலை. சிங்களத்தில் வில. வில்பத்து என்ற பெயரில் இருப்பதும் இதுவே. ஆனால் வில்பத்துக் காட்டின் வில்லுகள் பெரும்பாலும் மழைநீரால் நிரம்புபவை. மகாவலியின் கீழ்ப்பகுதியில், மன்னம்பிட்டிக்குக் கீழே ஆற்றின் இரு பக்கமும் இருப்பவை ஆறு கரை மேவும்போது நிரம்புபவை. ஹந்தபான வில்லு அவற்றில் பெரியவற்றுள் ஒன்று. ஹந்தபான என்றால் நிலவொளி. நாம் பெயர் தேடுவது இந்த இரண்டாம் வகை வில்லை வாழவைக்கும் நிகழ்வுக்கு.

அந்த நிகழ்வு எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் சொல் பொருந்துகிறதா என்று தெரியும். மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவமழையோடு ஆறு ஏறுகிறது. தண்ணீர் முதலில் ஒடுங்கிய ஓடைகள் வழியாக வில்லுக்குள் போகும், பிறகு கரையையே மூடிப் பரவும். ஒருமுறை மாமாவோடு போய் நின்று பார்த்தேன். தண்ணீர் பாய்ந்து வரவில்லை. புல்லின் அடிக்குள் ஊர்ந்து வந்தது. முன்னால் எறும்பும் வெட்டுக்கிளியும் மேலேறி ஓட, கொக்குகள் அந்த விளிம்போடு கூடவே நடந்தன. மூழ்கிய புல் அழுகும், நுண்ணுயிர் பெருகும், விராலும் பனையானும் கெளுத்தியும் அந்த ஆழமற்ற நீரில் குஞ்சு பொரிக்கும். பங்குனிக்குப் பிறகு நீர் வற்றத் தொடங்க, வண்டல் படிந்த ஈர நிலத்தில் புதுப்புல் தளதளவென்று எழும். சுற்றுக்காடு காய்ந்து கிடக்கும் மாதங்களில் யானையும் மானும் எருமையும் அங்கேதான் வந்து மேயும். ஆற்றோர மருத மரங்களில் என் நெஞ்சளவு உயரத்தில் காய்ந்த சேற்றுக் கோடு இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் தண்ணீர் நின்ற மட்டம் எதுவென்று மாமா அதை வைத்துத்தான் சொல்வார்.

1989இல் யுங்க், பெய்லி, ஸ்பார்க்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் ஃப்ளட் பல்ஸ் கோட்பாட்டை வகுத்தபோது சொன்னதும் இதைத்தான். ஆறும் அதன் சமவெளியும் ஒரே உயிர்த்தொகுதி, ஆண்டுதோறும் ஏறி இறங்கும் நீரே அதன் விளைச்சலைத் தீர்மானிக்கிறது என்றார்கள். யுங்க் ஆய்வு செய்த அமேசானில், மனாவுஸ் நகரருகே, நீர்மட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. ஒரு முழு ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் ஓராண்டு. துடிப்பு என்றதும் நமக்கு நொடிக்கணக்கில் அடிக்கும் நெஞ்சும், கரையில் போட்ட மீனும்தான் நினைவுக்கு வரும்.

சரி, "வெள்ளம்" ஏன் வேண்டாம்? வெள்ள அபாயம், வெள்ள நிவாரணம், வெள்ளத் தடுப்பு என்று செய்தித்தாளில் அந்தச் சொல் எப்போதும் கேட்டோடு சேர்ந்தே வருகிறது. அது தவறும் இல்லை, இழந்தவர்களுக்கு அது கேடுதான். ஆனால் ஈரநிலப் பாதுகாப்பு பற்றி எழுதுகிறவருக்கு, வேண்டிய நீரையும் வேண்டாத நீரையும் பிரித்துச் சொல்ல இரண்டு சொல் தேவை. அந்த இன்னொரு சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. காவிரிக்கரையில் ஆடி 18ஆம் நாள் மக்கள் வரவேற்கப் போவது வெள்ளத்தை இல்லை, பெருக்கை. பருவத்தோடு வரும் நீர், எதிர்பார்த்திருக்கும் நீர் என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே ஊறியிருக்கிறது. ஆகவே பருவப்பெருக்கு.

பெருக்கு என்றால் வீடு கூட்டுவதாகத் தோன்றும் என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். ஆடிப்பெருக்கு என்று கேட்டு யாருக்கும் விளக்குமாறு நினைவு வருவதில்லை, அம்மா. "பருவ" என்ற அடை முன்னால் இருக்கும்வரை அந்தக் குழப்பம் வராது.

ஐயாவின் ஆட்சேபம் இதைவிடக் கனமானது: பெருக்கு ஏற்றத்தை மட்டும் சொல்கிறது, பல்ஸ் இறக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறது. இதற்காக "வற்றுப்பெருக்கு" என்று வைக்கலாமா என்று நினைத்தேன். ஆனால் எங்கள் பாடநூல்களில் அது கடலின் ஓதத்துக்கு, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதற்கு, வந்துவிட்டது. மகாவலி கொட்டியாரக்குடாவில் கலக்கும் இடத்தில் ஓதமும் ஆற்றின் பெருக்கும் சேர்ந்தே நடக்கும், அங்கே அந்தச் சொல் காலை வாரிவிடும். அதனால் முழு நிகழ்வுக்குப் பருவப்பெருக்கு, அதன் இரு கட்டங்களுக்கு ஏறுநீர், வற்றுநீர் என்று பிரித்துக்கொள்ளலாம். ஏறுநீர்க்காலத்தில் மீன், வற்றுநீர்க்காலத்தில் புல். மாமாவிடம் இப்படிச் சொன்னபோது மேலே விளக்கம் எதுவும் கேட்கவில்லை.

கிளைச்சொற்களும் இதிலிருந்து இலகுவாகப் பிறக்கின்றன. ஃப்ளட்பிளெய்னுக்கு வெள்ளச்சமவெளி நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். பருவப்பெருக்கால் நனையும் பகுதியை மட்டும் தனியாகக் குறிக்க வேண்டிய இடத்தில் "பெருக்குவெளி" எனலாம். கிழக்கில் வயல்நிலத்தையும் திறந்த நிலத்தையும் வெளி என்றுதான் சொல்கிறோம். அணை கட்டியபின் நீர் வராமல் போன வில்லை "பெருக்கிழந்த வில்லு" எனலாம். இந்தக் கடைசிச் சொல்தான் எனக்கு மிகவும் தேவைப்படுகிறது. மகாவலி அபிவிருத்தித் திட்டத்தில், 1976இல் பொல்கொல்லையில் ஆற்றை வேறு பக்கம் திருப்பினார்கள். 1980களில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல அணைகள் வந்தன. மேலே நீர் தேங்கியதால் கீழே ஆறு கரை மேவுவது குறைந்தது. அதே மகாவலித் திட்டக் காலத்தில், 1984 ஆகஸ்டில், 17,350 ஹெக்டேர் வெள்ளச்சமவெளி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நிலத்துக்கு எல்லை போட்டார்கள், அந்த நிலத்தை ஆக்கும் தண்ணீருக்குப் பங்கு ஒதுக்க வேண்டும் என்பதை நாம் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். வேட்டைத் தடையும் வேலியும் இருந்தும் வில்லு ஏன் சுருங்குகிறது, ஆற்றுவாழை என்ற நீர்க்களை ஏன் மூடுகிறது என்று கேட்பவருக்கு "பெருக்கு வரவில்லை" என்று சொன்னால் உடனே புரிகிறது. "வெள்ளம் வரவில்லை" என்றால், நல்லதுதானே என்பார்கள். அணையிலிருந்து பருவத்தில் ஒருமுறை நீரைத் திறந்துவிடக் கேட்கும் மனுவிலும் இந்தச் சொல்லைத்தான் எழுத விரும்புகிறேன்.

சிற்றேட்டின் சொற்பட்டியலில் இப்படிப் போடப்போகிறேன்:

பருவப்பெருக்கு: பருவமழையோடு ஆறு கரை மேவிச் சமவெளியில் பரவி, பின் வற்றும் ஆண்டுச் சுழற்சி.

ஐயா, "சுழற்சி" என்ற சொல் மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. "ஏற்றவற்றம்" என்று மாற்றலாமா? அப்புறம், ஆற்றையும் வில்லையும் தொடுக்கும் அந்த ஒடுங்கிய நீர்வழியை நாங்கள் வெறுமனே ஓடை என்கிறோம். தாமிரபரணி, காவிரிக் கரையில் இருப்பவர்கள் அதற்கு வேறு சொல் வைத்திருந்தால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் பட்டியலில் சேர்த்துவிடுவேன்.