மாடல், வியூ, கண்ட்ரோலர்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒரு செயலியின் நிரலை, தரவும் விதிகளும் இருக்கும் மாடல், அதைத் திரையில் காட்டும் வியூ, பயனரின் கோரிக்கையை வாங்கும் கண்ட்ரோலர் என மூன்றாகப் பிரித்து எழுதும் முறை உண்டு. இவற்றின் தமிழ்ப் பெயர்கள் பற்றி எழுந்த கேள்வி இது:

> மாதிரி, தோற்றம், கட்டுப்படுத்தி ஆகியவை ஏற்கெனவே புழங்குகின்றன. அவற்றையே வைத்துக்கொள்ளலாமே?

புழங்கும் சொல்லை எளிதில் மாற்றக்கூடாது என்பதுதான் என் கொள்கையும். ஆனால் இந்தச் சொற்கள் படிப்பவரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகின்றன.

முதலில் ‘மாதிரி’. ‘போல’ என்றும் பொருள் தரும், கடைக்காரர் காட்டும் துணித்துண்டையும் குறிக்கும். ஒரு நூலகத்துக்கான வலைச்செயலியை வைத்து வகுப்பெடுத்தபோது ‘மாதிரிக் கோப்புகள்’ என்றேன். “மாதிரிதானே ஐயா, அழித்துவிட்டு நம்முடையதை எழுதலாமா?” என்று கேட்டார் ஒரு மாணவி. அவர்மேல் பிழையில்லை. நூல்கள், உறுப்பினர்கள், ஒருவருக்கு எத்தனை நூல் தரலாம் என்ற விதி எல்லாமே அந்தக் கோப்புகளில்தான் இருந்தன.

இந்தப் பிரிவினையை வகுத்த நார்வேக்காரர் டிரிக்வே ரீன்ஸ்காக், 1979இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஸ்மால்டாக் என்ற நிரல்மொழியை உருவாக்கிய குழுவோடு இருந்தபோது எழுதிய குறிப்பில், மாடல் என்பது அறிவைக் குறிக்கும் என்கிறார். செயலி எதைப் பற்றியதோ அதன் உருவம் உள்ளே இருக்கிறது. ஆகவே ‘உள்ளுரு’ என்று முன்மொழிகிறேன். எழுத்துருவுக்குப் பழகிய நமக்கு இது அந்நியமாக இராது. உள்ளுருவை, உள்ளுருக்கள் என வேற்றுமையும் பன்மையும் தடையின்றி ஏற்கும்.

வியூவுக்குக் ‘காட்சி’ போதும். ‘தோற்றம்’ பிறப்பையும் குறித்துக் குழப்பும். தரவுத்தளத்திலும் வியூ உண்டு; பொதுவாக அது தரவைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல், சிலவற்றைக் காட்டிச் சிலவற்றை மறைக்கும். இங்கும் வேலை அதுதான் என்பதால் இரண்டுக்கும் ஒரே சொல் இருக்கட்டும்.

கண்ட்ரோலரில்தான் எனக்கு உண்மையான வருத்தம். ரீன்ஸ்காகின் 1979 மே மாதக் குறிப்பில் அந்த இடத்தில் இருந்தது ‘எடிட்டர்’. டிசம்பரில்தான் அது கண்ட்ரோலர் ஆனது. பயனருக்கும் அமைப்புக்கும் இடையிலான இணைப்பு என்றே அதை அவர் விளக்கினார். இன்றைய வலைச்செயலியில் அது உலாவியின் கோரிக்கையை வாங்கி, உரியவரிடம் சேர்த்து, விடையை ஏற்ற காட்சியிடம் தருகிறது. ‘கட்டுப்படுத்தி’ என்று பெயர் வைத்தால், எல்லா அதிகாரமும் அதனுடையது என்று நினைத்துப் புதியவர்கள் விதிகள் அனைத்தையும் அதற்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். ஆயிரம் வரிக்கு வீங்கிய அத்தகைய கோப்புகளைத் திருத்த நான் இரவுகளைச் செலவிட்டிருக்கிறேன். அந்தச் சொல் மின்னணுவியலுக்கே இருக்கட்டும். கருவிகளை இயக்கும் சிறு சில்லான நுண்கட்டுப்படுத்தி உண்மையாகவே கட்டுப்படுத்துகிறது.

முதலில் ‘ஆற்றுப்படுத்தி’ என்ற சொல்லில் மயங்கினேன். ஆற்றுப்படையில் வழி சொல்லும் பாணன் பரிசைத் தான் தருவதில்லை, தருபவனிடம் அனுப்புகிறான். இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இலங்கையில் ஆற்றுப்படுத்தல் என்றால் உளவளத் துணை. அங்குள்ள நண்பர்களுக்கு அது இடறும் என்பதால் மனமில்லாமல் கைவிட்டேன்.

மிஞ்சியது ‘நெறியாளி’. விவாத மேடையின் நெறியாளர் கேள்வியை வாங்கி உரியவரிடம் திருப்புகிறார். அவரே நீளமாகப் பேசினால் நாம் பொறுப்பதில்லை. அந்த எதிர்பார்ப்பு இச்சொல்லிலேயே வந்துவிடுகிறது.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “கோரிக்கையை நெறியாளி வாங்கும், உள்ளுருவிடம் கேட்கும், கிடைத்ததைக் காட்சியிடம் ஒப்படைக்கும்.”

ஒரு சிக்கல் தீரவில்லை. பிறர் கண்ட்ரோலர் என்று சொல்லும் பகுதிக்கு, வலைச்செயலி எழுத உதவும் பைத்தான் சட்டகமான ஜாங்கோவில் வியூ என்று பெயர். பிறரின் வியூ அங்கே டெம்பிளேட். ஜாங்கோ ஆவணத்தைத் தமிழாக்கும்போது அவர்கள் இட்ட பெயரைப் பின்பற்றுவதா, செய்யும் வேலையைப் பார்ப்பதா? கோப்பின் பெயரும் அதுவாகவே இருப்பதால் ‘காட்சி’ என்றே எழுதி, முதல் முறை வரும் இடத்தில் ஒரு விளக்கம் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். அந்த ஆவணங்களில் கைவைத்தவர்கள் சொல்லுங்கள்.