மறுமொழி: ட்ரோபோபிளாஸ்டிக் கட்டிகளுக்குத் தமிழ்ப்பெயர்

ஐயா, வணக்கம்.

> "கர்ப்பகால வளர்படலப் புற்று" என்று மொத்தமாக வைத்துவிடலாமே?

கருவைக் கருப்பையில் பதிக்கும் ட்ரோபோபிளாஸ்ட் திசுவில் வரும் நோய்களுக்கு நீங்கள் சொன்ன இந்தப் பெயரில் 'புற்று', 'கர்ப்பகால' இரண்டுமே இடறுகின்றன.

இந்த நோய்களில் அதிகம் காண்பது முத்துப்பிள்ளைதான். கருவாக வளரவேண்டியது நீர்கோத்த முத்துமுத்தான கொப்புளங்களாகத் திரண்டுவிடும். கருப்பையிலிருந்து உறிஞ்சி எடுத்ததும் பெரும்பாலோருக்கு அதோடு சரியாகிவிடும். அப்படிப்பட்ட பெண்ணின் அறிக்கையில் 'புற்று' என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடும்!

அப்புறம், 'கர்ப்பகால'. இதே திசுவில் வரும் புற்றான கோரியோகார்சினோமா கருச்சிதைவுக்குப் பிறகும் வரும், சுகப்பிரசவமாகிக் குழந்தை மடியில் இருக்கும்போதும் வரும். ஆகவே 'கருசார்' போதும்.

ட்ரோபோபிளாஸ்ட் என்ற பெயரை 1889இல் வைத்தவர் ஹூப்ரெக்ட் என்ற டச்சுக் கருவியலாளர். ஊட்டுகிற முளை என்பது பொருள். கருவைக் கருப்பைச் சுவரில் பதித்து, ஊட்டத்துக்கு வழிசெய்வது இதுதான். சுவரைத் துளைத்து இறங்குவது அதன் இயல்பு. கட்டியானால் அதே இயல்போடு இரத்தக் குழாய்க்குள் நுழைந்து நுரையீரல்வரை போய்விடுகிறது. 'படலம்' என்பதில் இந்த வேகம் இல்லை. 'ஊட்டுமுளை' என்பது என் பரிந்துரை.

பொதுப்பெயர் கருசார் ஊட்டுமுளை நோய். அதில் முழு முத்துப்பிள்ளை, பகுதி முத்துப்பிள்ளை இரண்டும் அடங்கும். முழுவதில் பெரும்பாலும் குரோமோசோம்கள் எல்லாமே தந்தை வழி. பகுதியில் வழக்கமாகத் தாய்வழி ஒரு பங்கு, தந்தைவழி இரு பங்கு, ஆக 69. ஊடுருவும் முத்துப்பிள்ளை, கோரியோகார்சினோமா, நஞ்சுப் படுகைக் கட்டி (நஞ்சுக்கொடி பதியும் இடத்தில் வருவது), எபிதீலியாய்டு கட்டி நான்கும் 'கருசார் ஊட்டுமுளைக் கட்டி' என்று தனியாக நிற்கட்டும்.

நோய், கட்டி என்று பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. முத்துப்பிள்ளையை எடுத்தபின் வாராவாரம் இரத்தத்தில் பீட்டா எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவைப் பார்ப்பார்கள். அளவு இறங்கிக்கொண்டே போனால் நிம்மதி. மூன்று வாரத்தில் எடுத்த நான்கு அளவுகளும் ஏறக்குறைய அப்படியே நின்றாலோ, இரண்டு வாரத்தில் எடுத்த மூன்றும் ஏறிக்கொண்டே வந்தாலோ, கட்டி என்று முடிவுகட்டி மருந்து தொடங்குவார்கள். சதை எடுத்துப் பார்க்கக் காத்திருப்பதில்லை. எடுத்தால் இரத்தம் கொட்டும் ஆபத்து உண்டு.

கோரியோகார்சினோமா புற்றுதான், அதை மறைக்கக் கூடாது. 'ஊட்டுமுளைப் புற்று' என்றே சொல்வோம். ஆனால் பரவிய நிலையிலும் மருந்தாலேயே குணமாகும் புற்று அது. 1956இல் அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் லி, ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர்கள் மெதோட்ரெக்சேட் என்ற மருந்தைக் கொடுத்து அதைக் காட்டினார்கள். இன்று, நோயின் ஆபத்தைக் கணக்கிடும் இடர் மதிப்பெண் 6 வரை என்றால் பொதுவாக ஒரே மருந்து, 7 அல்லது அதற்கு மேல் என்றால் கூட்டு மருந்துகள். நஞ்சுப் படுகைக் கட்டி அவ்வளவாக மருந்துக்கு மசியாது, கருப்பையை அகற்றுவதே முதன்மைச் சிகிச்சை. அதனால்தான் அதற்குத் தனிப்பெயர் அவசியம்.

நஞ்சுக்கொடியைக் குறிக்கும் அந்த 'நஞ்சு'தான் எனக்கு உறுத்துகிறது. நோயாளி விஷம் என்று நினைத்துவிடலாம். அதற்குப் பதில் இலங்கைப் பாடநூல்களில் உள்ள 'சூல்வித்தகம்' எடுத்துக்கொள்ளலாமா? யாழ்ப்பாண நண்பர்கள் சொல்லுங்கள்.