அழைப்பு வருது, மணி அடிக்கல: சனிக்கிழமைக்குள் இரண்டு சொல் வேண்டும்

சுங்கை சிப்புட்டிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். மலேசியாவில் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு பெரியவர்களுக்கு டேப்லட் வகுப்பு நடத்துகிறோம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்ந்தவர்கள். பிள்ளைகள் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருந்து புலனத்தில் (வாட்ஸ்அப்) கூப்பிடுகிறார்கள். திரையில் முகம் வருகிறது, சத்தம் வருவதில்லை. திரையையே பார்த்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பார்கள்? இதற்காக ஒரு பக்கக் கையேடு எழுதுகிறேன்.

சத்தம் வராததற்குக் காரணம் ஒன்றல்ல, அதுதான் சிக்கல். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் ஆண்ட்ராய்டு 9 முதல் பொதுவாகக் கூடுவது பாட்டு, படங்களின் ஒலிதான். அழைப்பு மணியின் அளவு தனி. அமைப்புக்குள் போய் அதைக் கூட்டாவிட்டால் பூஜ்யத்திலேயே கிடக்கும். இன்னொன்று 'தொந்தரவு செய்யாதே'. அது ஓடிக்கொண்டிருந்தால் மணியின் அளவை முழுதாக ஏற்றி வைத்தாலும் பயனில்லை. செயலியின் அறிவிப்புகளில் அழைப்புக்கு மட்டும் ஒலி அணைந்திருப்பதும் உண்டு, அதைப் பிறகு பார்ப்போம்.

போன மாதக் கையேட்டில் நான் எல்லாவற்றுக்கும் 'மௌனம்' என்று எழுதிவிட்டேன். ஒரு பாட்டி வந்து, "மௌனத்த எடுத்துட்டேன் தம்பி, பகல்ல அடிக்குது, ராத்திரியில அடிக்கல" என்றார். அவர் எடுத்தது ஒரு மௌனம், மாட்டிக்கொண்டது வேறொரு மௌனம். விளையாட்டுச் செயலிகள் தொல்லை தருகின்றன என்று பேரன் இரவு 8 முதல் காலை 6 வரை 'தொந்தரவு செய்யாதே' போட்டு வைத்திருக்கிறான். மகன் வேலை முடிந்து கூப்பிடுவது 9 மணிக்கு.

மணியின் அளவு பூஜ்யத்தில் கிடப்பதற்கு ஒன்று, 'தொந்தரவு செய்யாதே'க்கு ஒன்று என இரண்டு சொல் கொடுங்கள். சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

தைப்பிங்கிலிருந்து:

தம்பி, முதலில் மௌனத்தையே எடுத்துவிடுங்கள். அது முனியிலிருந்து வந்த வடசொல். நமக்கு 'வாளாமை' இருக்கிறது, பேசாதிருத்தல். மணிமேகலையில் வினாவுக்கு விடை நான்கு வகை: துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. அழைப்பு என்பது ஒரு வினாதானே? உங்கள் டேப்லட் நான்காம் விடையைக் கொடுக்கிறது. 'வாளாநிலை' என்று போடுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சொல் சும்மா கிடக்கிறது.

கோவையிலிருந்து:

ஐயா, வாளாநிலை என்றால் எங்கள் ஊரிலேயே வாள் இல்லாத நிலை என்று படிப்பார்கள். பால்மரம் சீவியவர்களுக்குக் கத்தி இல்லாத நிலை என்று படும். 'ஒலியடக்கம்' போதாதா? பார்த்தவுடன் புரிகிறது.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

புரியும் அண்ணா, ஆனால் வேறு மாதிரி. இங்கே பெரியவர்கள் நாளிதழில் முதலில் திருப்புவது மரண அறிவித்தல் பக்கம். அதில் தினமும் 'நல்லடக்கம்'. டேப்லட்டில் 'அடக்கம்' என்று வந்தால் யாரும் தொடமாட்டார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

இடையிலே ஒரு கேள்வி. டேப்லட்டை அப்படியே விட்டுவிட்டீர்கள், அதற்கல்லவோ முதலில் சொல் வேணும்? எங்களிடம் டேப்லட் எண்டால் குளிசை. இந்தியாவிலே மாத்திரை. மாத்திரை எண்டு வைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மணி அடிக்காத டேப்லட் அரை மாத்திரைக்கும் கீழே.

தைப்பிங்கிலிருந்து:

வேடிக்கையாகச் சொன்னாலும் யோசிக்கவேண்டியது. மாத்திரை என்பது அளவு. கண்ணிமைப்பதும் கைநொடிப்பதும் அதன் கால எல்லை. மருந்தையும் அளவாகக் கொடுத்ததால்தான் அந்தப் பெயர் வந்தது. அளவான சிறு கணினிக்கு அது ஏன் ஆகாது? அளபெடையில் மாத்திரை மிகுவதுபோல, அழைப்பு மணியின் ஒலியைக் கூட்டுவதை 'அளபெடுத்தல்' என்றே சொல்லலாம். (இதற்குப் பின் ஐயா இசைநூல் மாத்திரை பற்றி எழுதிய நீண்ட பகுதியைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். – மட்டுறுத்துநர்)

ஈப்போவிலிருந்து:

இதுவரை யாரும் சொல்லவில்லை, ஆனால் சொல்லப்போகிறீர்கள் என்று தெரியும். 'ஊமை நிலை' வேண்டாம். என் தங்கைக்குப் பேச்சு வராது. வகுப்பில் அவளும் உட்கார்ந்திருப்பாள்.

அப்புறம், எங்கள் வீட்டில் எல்லா டேப்லட்டும் மலாய் மொழியில்தான் இருக்கிறது. 'செனியாப்' (மௌனம்), 'ஜாங்ஙான் காங்கு' (தொந்தரவு செய்யாதே) என்று எழுதுங்கள். அம்மாவுக்கு அதுதான் திரையில் தெரிகிறது. தமிழில் சொல் தேடிக் கொடுத்துவிட்டு, திரையில் அதைக் காணோம் என்றால் அவர் என்ன செய்வார்?

கோவையிலிருந்து:

அப்படியென்றால் கலைச்சொல் குழு எதற்கு, அகராதியை மூடிவிடலாமே?

ஈப்போவிலிருந்து:

மூடச் சொல்லவில்லை அண்ணா. பக்கத்தில் அதையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

பட்டர்வொர்த்திலிருந்து:

'தொந்தரவு செய்யாதே' என்பது பாட்டியைப் பார்த்து டேப்லட் அதட்டுவதுபோல் இருக்கிறது. யார் யாருக்குச் சொல்லும் கட்டளை? அந்த ஏவலை எடுத்துவிட்டுப் பெயராக்குங்கள். முருகன் அருணகிரிக்குச் சொன்னதையே வைத்துக்கொள்ளலாம்: 'சும்மா இரு'. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் ஊரில் இதற்கு உரை தேவைப்படாது. 'சும்மாயிரு நேரம்: இரவு 8 முதல் காலை 6 வரை.'

தைப்பிங்கிலிருந்து:

சிரித்துவிட்டேன். ஆனால் 'சும்மா' நல்ல சொல். மலாய்க்காரர்கள் 'சுமா' என்பதும், இலவசத்துக்குப் 'பெர்சுமா' என்பதும் நம்மிடமிருந்து போனவைதான். 'கப்பால்', 'கெடாய்' போல. நாம் கொடுத்த சொல்லை டேப்லட்டுக்குள் நாமே வாங்கிக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை.

கோவையிலிருந்து:

இலவசத்தைக் குறிக்கும் சொல்லோடு உறவு வைத்தால், இரவு 8 முதல் அழைப்பு இலவசம் என்று நினைத்துவிடுவார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. நேற்று அந்தப் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். அட்டவணையை அணைக்கவில்லை, பேரன் சொன்ன காரணமும் நியாயம்தான். புலனத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்தேன். மகனை 9 மணிக்குக் கூப்பிடச் சொல்லிக் காத்திருந்தோம். அடித்தது. பாட்டி சொன்னார்: "யாரோ வாய்க்கட்டு போட்டுட்டாங்கன்னு பாத்தேன், நம்ம பயதானா?" முந்தித் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு மணி, அதாவது வேலைக்கு ஆள் கூட்டும் மணி, அடிக்காத நாளே கிடையாதாம். மணி ஒருநாள் ஊமையாகாதா என்று அப்போது ஏங்கியதாகவும் சொன்னார். (ஈப்போ அக்கா மன்னிக்கவும், அது பாட்டியின் சொல்.)

பெரியவர்கள் யாருமே இதை 'ஒலி' என்று சொல்வதில்லை, 'மணி' என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே முதலாவதற்கு 'மணி நிறுத்தம்', இரண்டாவதற்கு 'அமைதி நேரம்'. இரண்டுக்கும் பக்கத்தில் திரையில் தெரியும் மலாய்ச் சொல்லைச் சிறிய எழுத்தில் போடுகிறேன். மறுப்பு இருந்தால் நாளை மதியத்துக்குள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

'வாய்க்கட்டு' என்ற சொல் கையில் வந்து விழுந்திருக்கிறது, அதை விட்டுவிட்டீர்களே! வாயும் தமிழ், கட்டும் தமிழ். மணியின் வாயைத்தான் கட்டியிருக்கிறது.

கோவையிலிருந்து:

வாய்க்கட்டு மந்திரவாதி போடுவது, அவரிடம் எல்லாம் நாம் போகவேண்டாம். 'மணி நிறுத்தம்' சரி. 'அமைதி நேரம்' பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது, ஆனாலும் சரி.

பட்டர்வொர்த்திலிருந்து:

சரி. சும்மா இருக்கிறேன்.

ஈப்போவிலிருந்து:

சரி. மலாய் எழுத்து சிறியதாக வேண்டாம், அதே அளவில் போடுங்கள். வகுப்புக்கு வருபவர்களுக்குக் கண்ணும் மங்கல்தான்.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

30 படி அச்சாகிவிட்டது. மலாயும் அதே அளவில். நன்றி.

தைப்பிங்கிலிருந்து:

இணைப்பில் இருந்த கையேட்டைப் பார்த்தேன். பிழை இல்லை, தம்பி நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என் மறுப்பைப் பதிந்து வையுங்கள். 'நிறுத்தம்' என்றால் பஸ் நிற்குமிடம். 'வாளாநிலை' என்று ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் பாட்டி மறக்கமாட்டார். நம்பிக்கை இல்லாவிட்டால் அடுத்த மாதம் வகுப்புக்கு நானே வருகிறேன். தைப்பிங்கிலிருந்து கொமுட்டர் ரயிலில் ஏறினால் சுங்கை சிப்புட் ஒன்றும் தூரமில்லை.