கிரியேட்டினின் ஏறினால் "வெறும் எண்"தானா?

கதிரொளி: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "இலக்கு மருந்துகள் புற்றுசெல்லை மட்டும்தான் தாக்கும். கிரியேட்டினின் ஏறினால் அது வெறும் எண், கண்டுகொள்ள வேண்டாம்." இலக்கு மருந்து என்றால் குறிப்பிட்ட புரதங்களைக் குறிவைக்கும் புற்றுநோய் மருந்து. கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு; ரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. பெவாசிசுமாப் என்ற இலக்கு மருந்து தடுக்கிற, ரத்தக்குழாய்களை வளர்க்கும் வி.ஈ.ஜி.எஃப். புரதம் கட்டியில் மட்டுமா இருக்கிறது? சிறுநீரக வடிகட்டியின் நுண்குழாய்களும் அதை நம்பித்தான் இருக்கின்றன. அதைத் தடுத்தால் சிறுநீரில் புரதம் ஒழுகும், பிபி ஏறும். சிலருக்கு அந்தக் குழாய்களுக்குள்ளேயே ரத்தம் உறையும்.

மருந்தாளர்: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். நான் சொன்னது அபெமாசிக்லிப் என்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரை பற்றி. சிறுநீரகத்தில் கிரியேட்டினினை வெளியேற்றும் கடத்திகளை, அதாவது அதைச் சிறுநீருக்குள் தள்ளும் புரதங்களை, அது மறிக்கிறது, அவ்வளவுதான். வடிகட்டும் வேகம் குறையாது, மருந்தை நிறுத்தினால் எண் இறங்கிவிடும். கிட்னி நன்றாகத்தான் இருக்கும்.

கதிரொளி: "அபெமாசிக்லிப்" என்றா எழுதினீர்கள்? "இலக்கு மருந்துகள்" என்று எழுதினீர்கள். மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு வெமுராஃபெனிப் என்ற இலக்கு மருந்து எடுப்பவருக்குக் கிரியேட்டினின் ஏறினால் சிறுநீரகத் திசுவிலேயே அழற்சி இருக்கலாம். அதுவும் வெறும் எண்ணா?

நிலா: சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் சிஸ்டாட்டின் சி பார்க்கலாமே. அதுவும் வடிகட்டும் வேகத்தைக் காட்டும் ஒரு புரதம்தான். கடத்திகளை மறிப்பதால் அது ஏறாது.

மருந்தாளர்: அதைத்தான் நானும் சொல்கிறேன். கிரியேட்டினின் மட்டும் ஏறினால் சேதம் இல்லை.

கதிரொளி: நிலா அப்படிச் சொல்லவே இல்லை. "சந்தேகம் இருந்தால்" என்றார். உங்களுக்குத்தான் சந்தேகமே வராதே!

தமிழன்பன்: "கிட்னி" எதற்கு? சிறுநீரகம் என்று எழுத முடியாதா?

மருந்தாளர்: நோயாளிகள் கிட்னி என்றுதான் சொல்கிறார்கள். உங்களுக்கு எப்போதும் இதே வேலை.

தமிழன்பன்: போன மாதமும் இப்படித்தான் எடுத்தெறிந்து பேசினீர்கள், மறக்கவில்லை.

கதிரொளி: சொல்லை அப்புறம் பார்க்கலாம். என் அக்காவுக்குப் பெவாசிசுமாப் போட்டார்கள். கால் இரண்டும் வீங்கின. கிரியேட்டினின் சரியாக இருக்கிறது என்று சொல்லி யூரின் டெஸ்ட்டே எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தபோது புரதம் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் சிறுநீரில் 2 கிராம் புரதம் போனாலே மருந்தை நிறுத்தி வைக்கச் சொல்கிறது மருந்தோடு வரும் குறிப்புத்தாள். யாராவது பார்த்தார்களா?

மருந்தாளர்: அக்காவுக்காக வருந்துகிறேன். ஆனால் சேதம் இருந்தும் கிரியேட்டினின் ஏறவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்த எண்ணை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது என்றுதானே ஆகிறது?

கதிரொளி: இல்லை! ஏறாதபோதும் பாருங்கள், ஏறினாலும் பாருங்கள் என்கிறேன். "கண்டுகொள்ள வேண்டாம்" என்ற வார்த்தையை முதலில் திரும்பப் பெறுங்கள்.

மருந்தாளர்: மாட்டேன். உங்களை மாதிரி பயமுறுத்துவதால்தான் பலர் உயிர்காக்கும் மாத்திரையைப் பாதியில் விடுகிறார்கள்.

கதிரொளி: சோதித்துப் பார் என்பது பயமுறுத்துவதா? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

தமிழன்பன்: என் கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.