கறுத்தக்கொழும்பானுக்கு வயது போய்விட்டதா, வருத்தமா?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் பரந்தனுக்குப் பக்கத்தில் எங்கள் வளவில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்கிறது. அப்பப்பா கொட்டை போட்டு முளைத்தது, 60 வயதுக்குக் குறையாது. போர் முடிந்து 2010இல் மீளக்குடியேறி வந்தபோது வீட்டுக்குக் கூரையில்லை. மரம் மட்டும் நின்றது, அடிமரத்தில் செல் (எறிகணை) துண்டுகளோடு.

இரண்டு வருடமாக நுனிக்கொப்புகள் மேலிருந்து கீழாகக் காய்ந்து வருகின்றன. போன மாரியில் பத்து நாள் அடியில் வெள்ளம் நின்றது. இப்போது பட்டை வெடித்துப் பிசின் வடிகிறது. ஒரு ஓட்டையிலிருந்து மரத்தூளும் கொட்டுகிறது. தண்டு துளைப்பானா, வேர் அழுகலா, இரண்டுமா?

"வயது போய்விட்டது, தறி" என்கிறார் பக்கத்து வீட்டு ஐயா. பப்பாசி என்றால் நாலைந்து வருடத்தில் ஓய்ந்துவிடும், சரி. கொட்டையில் முளைத்த மா நூறு வருடம் தாண்டியும் நிற்குமே! (தறித்தாலும் மர ஆலைக்காரர் வாங்க மாட்டார், வாள் உடைந்துவிடும் என்ற பயம்.)

காய்ந்ததைப் பச்சை தெரியும்வரை வெட்டி, வெட்டுவாயில் பூஞ்சணத்தைத் தடுக்கும் போர்டோப் பசை பூச நினைக்கிறேன்: மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லீற்றர். மாரிக்கு முன்னரே செய்ய வேண்டுமா? ஓட்டைக்குள் என்ன விடுவது? செல் துண்டைத் தோண்டலாமா? இப்படி ஒரு மரத்தைப் பிழைக்க வைத்தவர்கள் சொல்லுங்கள்.